மெய்வழக்கமும் உள்வலியும்: ஆசியப் போர்க்கலைச் சொற்களின் வரலாறும் பெயர்ப்பும்

1. முன்னுரை

ஆசிய நாடுகளின் மரபுவழிப் போர்க்கலைகளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் நூல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் 'உள்ளாற்றல்', 'உயிர்ச்சக்தி', 'மென்கலை' ஆகிய சொற்கள் மிகுதியாக ஆளப்படுகின்றன. சீன, ஜப்பானியச் சொற்கள் முதலில் ஆங்கிலத்துக்கும், பின்னர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் பெயர்ந்தபோது இவை வழக்கில் நிலைபெற்றன. கேரளத்துக் களரிப்பயிற்றையும் கன்னியாகுமரி மாவட்டத்து வர்மக்கலையையும் விளக்க முற்படுவோரும் இன்று இச்சொற்களையே நாடுகின்றனர். தமக்கெனச் சொல்வளம் உடைய இரு கலைகள் இரவற் சொற்களால் விளக்கப்படுவது ஏன், அதனால் இழக்கப்படுவது யாது என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆலுவா முதல் மட்டாஞ்சேரி வரையுள்ள கொச்சி நிலப்பகுதி இவ்வாய்விற்கு மையமாகக் கொள்ளப்படுகிறது. பெரியாறு ஆலுவாவில் இரு கிளையாகப் பிரிந்து, ஒன்று முனம்பம் கடல்முகத்தையும் மற்றொன்று வராப்புழை வழியாகக் கொச்சிக் காயலையும் சேர்கிறது. இந்நிலம் வடக்கன் களரிக்கும் தெக்கன் களரிக்கும் இடைப்பட்டது. வடக்கே மலபாரில் களரிச் சொற்கள் மலையாளத்திலும் வடமொழியிலும் வழங்க, தெற்கே திருவிதாங்கூரிலும் கன்னியாகுமரியிலும் அவை தமிழ்ச் சுவடிகளில் இடம்பெறுகின்றன. அன்றியும், மலையாள நாட்டின் உடற்பயிற்சியும் மருத்துவமும் ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்ற வாயில்களுள் கொச்சி முதன்மையானது. ஆகவே, சொல் வழங்கிய நிலத்தையும் சொல் பெயர்ந்த வாயிலையும் இங்கே ஒருங்கே காண இயலும்.

இக்கட்டுரையின் கருத்து இரு கூறுகளை உடையது. மென்மையை வலிமையாக்கும் பயிற்சி இக்கலைகளில் தொன்மையானது. ஆயின் அதனை 'உள்' எனப் பெயரிட்டுத் தனியே போற்றும் பேச்சு, படைத்தொழில் தன் பழைய நிலையை இழந்த காலங்களில் வலுப்பெற்றது என்பது முதற் கூறு. அவ்வாறு வலுப்பெற்ற பேச்சு பிற மொழிகளுக்குச் சென்றபோது, செயலைக் குறித்த வினைகள் பின்தள்ளப்பட்டு, ஏதோ ஒரு பொருளைக் குறிப்பன போன்ற பெயர்கள் முன்வந்தன என்பது இரண்டாம் கூறு.

2. களரியும் மெய்யும்

'களரி' என்பது தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல். நெல் அடிக்கும் இடமும் போர் நிகழும் இடமும் 'களம்' எனப்படுதல் தமிழில் தொல்வழக்கு. வடமொழியில் பயிற்சிக்களத்தைக் குறிக்கும் 'கலூரிகா' என்னும் சொல்லும், நெற்களத்தைக் குறிக்கும் 'கல' என்னும் சொல்லும் திராவிட மொழிகளிலிருந்து சென்றவை என டி. பர்ரோ கருதினார். 'பயிற்று' என்பது 'பயில்' என்னும் வினையடியாகப் பிறந்தது. இவ்விரு சொற்களும் பழமையுடையன. ஆயினும் 'களரிப்பயிற்று' என்னும் இணைந்த தொடர் 20ஆம் நூற்றாண்டிலேயே எழுத்து வழக்கில் நிலைபெற்றது. உள்ளூர் எஸ். பரமேசுவர ஐயரின் 'அம்பா' நாடகத்தில் அது ஆளப்பட்டிருப்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டுவர். களரியில் பயின்றோர் தாம் செய்வதைப் 'பயில்தல்' என்னும் வினையால் சுட்டினர். அதனை ஒரு கலைப்பெயராகத் திரட்டிக்கொண்டது பிற்காலம்.

வடக்கன் மரபில் களரி என்பது நிலத்தில் அகழ்ந்த குழி. கிழக்கு மேற்காக 42 அடி நீளமும் 21 அடி அகலமும் உடையதாக அதனை அமைத்தல் மரபு. பயிற்சி நான்கு படிகளாக நிகழும். மெய்த்தாரி முதலாவது, கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை ஆகியன பின்வருவன. கோலும் வாளும் கைக்கு வருமுன் மெய் பயிற்றப்பட வேண்டும் என்பதே இவ்வரிசையின் அடிப்படை. வெறுங்கை இறுதியில் வைக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கது. படைக்கருவி ஏதுமின்றி நிற்பது தொடக்கநிலை அன்று. கருவிகளையெல்லாம் பயின்று கடந்தவனுக்கு உரிய நிலை.

தமிழில் 'மெய்' என்பது உடலையும் உண்மையையும் ஒற்றெழுத்தையும் குறிக்கும். மலையாளக் களரி வழக்கில் அது உடலையே குறிக்கும். 'மெய் கண்ணாகுக' என்பது களரியாசான்கள் அடிக்கடி கூறும் தொடர். இதனைத் தமிழ்ப் படிப்பாளர் முதல் நோக்கில் 'உண்மை காட்சியாகுக' எனக் கொள்ளவும் கூடும். மெய்கண்டார் என்னும் பெயரைப் பயின்ற செவிக்கு அப்பொருளே முந்தும். களரியில் அதன் பொருள் வேறு: உடல் முழுவதும் கண்ணைப் போல விழிப்புற்று, எத்திசையில் நிகழும் அசைவையும் தோலும் தசையுமே உணரும் நிலை. கேரளத்தில் பல ஆண்டுகள் பயின்ற பிலிப் சாரில்லி 1998இல் வெளியிட்ட களரிப்பயிற்று ஆய்வுநூலுக்கு இத்தொடரையே தலைப்பாக்கினார். இந்நிலையைக் குறிக்க மரபு ஒரு பெயர்ச்சொல்லைப் படைக்கவில்லை. 'ஆகுக' என்னும் வினையே போதுமானதாயிற்று.

3. வழக்கமும் அமர்தலும்

களரியில் மென்மையைக் குறிக்கும் தலையாய சொல் 'மெய்வழக்கம்'. மலையாளத்தில் 'வழங்ஙுக' என்பது வளைந்துகொடுத்தல், இணங்குதல் எனப் பொருள்படும். அதன்வழி 'மெய்வழக்கம்' உடலின் துவள் தன்மையைக் குறிக்கும். தமிழில் 'வழங்கு' என்பது நடமாடுதல், பயன்படுதல், கொடுத்தல் எனப் பொருள்படும். 'வழக்கம்' என்பது பழகிய ஒழுகலாறு. ஒரே வடிவம் ஒரு மொழியில் பழக்கத்தையும் மற்றொன்றில் நெகிழ்ச்சியையும் சுட்டுகிறது. நாடோறும் வழங்கிய உறுப்பே வழங்கிக்கொடுக்கும் என்பது களரியின் அனுபவமாதலின், இவ்விரு பொருளும் அங்கே ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. மென்மை பிறவிக் குணமும் அன்று, மறைந்துகிடக்கும் விசையும் அன்று. வழங்கி வழங்கிப் பெற்றது.

இதற்குத் துணையாவன கச்சையும் எண்ணெயும் ஆகும். இடையை இறுகச் சுற்றிய கச்சை அடிவயிற்றுக்கும் முதுகடிக்கும் தாங்கு தருகிறது. மழைக்காலத்தில் எண்ணெய் பூசி ஆசான் கயிற்றைப் பற்றி நின்று காலால் நீவும் 'சவிட்டி உழிச்சில்' உறுப்புகளை இளக்குகிறது. இம்முறை கதகளிப் பயிற்சியிலும் இடம்பெற்றது. வள்ளத்தோள் முதலியோர் 1930இல் நிறுவிய கேரள கலாமண்டலத்தில் மழைக்கால உழிச்சில் மாணவர் பயிற்சியின் பகுதியாயிற்று.

மற்றொரு சொல் 'அமர்ச்ச'. மலையாளத்தில் 'அமருக' என்பது தாழ்ந்து அழுந்துதல். ஆசான் வாயால் உரைக்கும் கட்டளைத் தொடராகிய வாய்த்தாரியில் அமர்ந்து, திரிந்து, மாறி, நீட்டி எனப் பொருள்படும் எச்சங்கள் தொடர்ந்து வரும். பயில்பவன் தாழ அமர்ந்து எழும்போது உடலின் கனம் இடுப்பின்கீழ் தங்குகிறது. தோளும் கையும் இறுக்கம் நீங்குகின்றன. தமிழில் 'அமர்தல்' என்பது இருத்தலும் விரும்பலும் ஆகும். 'அமர்' எனப் போரைக் குறிக்கும் சொல்லும் உண்டு. அது வடமொழிச் 'சமர'த்தோடு தொடர்புடையது எனக் கருதுவோர் உளர். ஒலியொப்புமை கொண்டு இவற்றை ஒன்றாக்குதல் பொருந்தாது.

சீன மரபிலும் இவற்றை ஒத்த செயற்சொற்கள் உள்ளன. தைஜிச்சுவான் பயிற்சியில் 'சோங்' என்பது இறுக்கம் களைந்து தளர விடுதல். 'சென்' என்பது கனத்தைக் கீழே அமரவிடுதல். 'லி' என்பது பயிற்சியின்றி எவரிடமும் உள்ள உடல்வலி. 'ஜின்' என்பது பயிற்சியால் பண்பட்ட வலி. 'சோங்' என்பதனை 'தளர்ச்சி' எனப் பெயர்த்தால் சோர்வு என்னும் பொருள் தமிழில் வந்துவிடும். 'நெகிழ்தல்' என்பது கட்டு அவிழ்தலையும் உள்ளம் இளகுதலையும் ஒருங்கே குறித்து வந்த சொல்லாதலின் அதுவே பொருத்தமுடையது.

4. கொச்சி வழிப் பெயர்ப்புகள்

கேரளத்துப் போர்ப்பயிற்சியை நேரிற் கண்டு எழுதிய ஐரோப்பியருள் துவார்த்தே பார்போசா குறிப்பிடத்தக்கவர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியரின் கண்ணூர்ப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்தவர், மலையாளம் அறிந்தவர். 1516ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்ற அவரது நூல், நாயர் சிறுவர் ஏழு வயதில் பயிற்சிக்கூடம் சேர்வதையும், முதலில் ஆடலும் பின்னர்க் குட்டிக்கரணமும் கற்பதையும், எத்திசையிலும் வளையுமாறு அவர்தம் உறுப்புகள் இளமை முதலே துவளச் செய்யப்படுவதையும் கூறுகிறது. வாளேந்தும் படைவீரரைப் பற்றி எழுதுகையில் முதற்கண் அவர் குறித்தது உறுப்புகளின் மென்மையே. களரி மரபில் மென்மைப் பயிற்சி பிற்காலத்தில் தோன்றியது அன்று என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

ஆயின் அப்பகுதியில் மெய்வழக்கம் என்ற சொல் இல்லை. நூல் 1550இல் வெனிசு நகரில் ராமுசியோவின் தொகுப்பில் இத்தாலிய மொழியில் அச்சாயிற்று. 1866இல் ஸ்பானியப் படி ஒன்றிலிருந்து ஆங்கிலமாயிற்று. ஒவ்வொரு பெயர்ப்பிலும் செய்தி நிலைத்தது. அச்செயலைக் களரியில் எப்படி அழைத்தனர் என்பதை மட்டும் அதிலிருந்து மீட்டெடுக்க இயலாது.

கொச்சியிலேயே நிகழ்ந்த மற்றொரு பெயர்ப்புப் பணி இதற்கு மாறானது. டச்சு ஆளுநர் வான் ரீடு முயற்சியால் உருவான 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர் மூலிகைகளின் பெயரையும் பயனையும் சொல்ல, அவை போர்த்துகீசியம் வழியாக இலத்தீனை அடைந்தன. 1675 ஏப்ரல் 20ஆம் நாளிட்ட அவரது சான்றுரை கோலெழுத்தில் அச்சிடப்பட்டுள்ளது. இங்கும் இரு மொழிகள் இடைநின்றன. எனினும் செடிகளின் மலையாளப் பெயர்கள் இலத்தீன் விளக்கத்தோடு உடன்தரப்பட்டமையால், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் கே. எஸ். மணிலால் அவற்றை இனங்கண்டு 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் அந்நூலைத் தர இயன்றது.

இவ்விரு நூல்களின் நோக்கங்கள் வேறானவை. பயணக் குறிப்பிலிருந்து தாவரநூலின் நுட்பத்தை எதிர்பார்த்தல் முறையாகாது. மொழிபெயர்ப்பாளர் கொள்ளவேண்டிய பாடம் இவ்வளவே: மூலச்சொல்லை உடன்நிறுத்திய பெயர்ப்பைப் பின்வருவோர் திருத்தவும் விரிக்கவும் இயலும், மூலச்சொல்லைக் கரைத்துவிட்ட பெயர்ப்பை அவ்வாறு செய்ய இயலாது.

5. 'உள்' என்னும் பெயர் எழுந்த சூழல்

போர்க்கலைகளை உள், புறம் எனப் பகுக்கும் வழக்கத்தின் முதல் எழுத்துச் சான்று சீனத்தில் 1669ஆம் ஆண்டுக்குரியது. அறிஞர் ஹுவாங் சோங்சி, வாங் ஜெங்நான் என்னும் போர்க்கலைஞருக்கு எழுதிய கல்லறைக் கல்வெட்டுரையில் ஷாவோலின் மடத்துக் கலையைப் புறத்ததாகவும், வூடாங் மலையின் ஜாங் சான்ஃபெங் பெயரால் வழங்கிய கலையை அகத்ததாகவும் பகுத்தார். 1644இல் மிங் அரசு வீழ்ந்து மஞ்சுக்கள் ஆட்சி நிறுவப்பட்டிருந்தது. ஹுவாங், மஞ்சுக்களை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றவர். அயல்நாட்டிலிருந்து வந்த புத்தமடத்தின் கலை 'புறம்', மண்ணில் தோன்றிய தாவோ நெறியின் கலை 'உள்' என்னும் பகுப்பில், அயலாட்சிக்கு எதிரான குரல் ஒலிப்பதாக ஆய்வாளர் சிலர் கருதுவர். இக்கருத்தை ஏற்பின், 'உள்' என்பது முதலில் உடலின் உட்புறத்தைவிட நாட்டின் உட்புறத்தையே சுட்டியதாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே தைஜி, சிங்யி, பாகுவா ஆகிய மூன்றும் 'உட்கலைகள்' என ஒருங்கே தொகுக்கப்பட்டன. சுன் லுடாங் (1860-1933) எழுதிய நூல்கள் இத்தொகுப்பை நிலைபெறச் செய்தன.

இதனால் மென்மை பற்றிய கருத்தே புதியது என்பது பொருளன்று. நீரின் மென்மை வன்மையை வெல்லும் என்பது தாவோ நெறியின் பழங்கருத்து. மென்மை வன்மையை அடக்கும் என்பது சீனப் படைநூல் மரபிலும் உண்டு. ஜப்பானில் 'ஜூ' என்னும் அடைமொழியோடு பல மற்போர் மரபுகள் நெடுங்காலம் வழங்கின. ஆயினும் 1876இல் பொதுவிடங்களில் வாள் அணிதல் தடைசெய்யப்பட்ட பின்னரே, 1882இல் கானோ ஜிகோரோ கோடோகன் பயிலகத்தை நிறுவி, 'ஜூ' என்பதனை ஒரு கல்விக் கொள்கையாக விளக்கினார்.

கேரளத்தில் இதற்கு இணையான திருப்பம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. மலபாரில் கம்பெனியாட்சியை எதிர்த்த பழசி ராஜா 1805இல் மாண்டார். 1808 டிசம்பரில் கொச்சி அமைச்சர் பாலியத்தச்சனும் திருவிதாங்கூர்த் திவான் வேலுத்தம்பியும் இணைந்து கொச்சியில் ஆங்கிலப் பிரதிநிதி மெக்காலேயின் இல்லத்தைத் தாக்கச் செய்தனர், அவர் தப்பினார். 1809இல் கிளர்ச்சி அடக்கப்பட்டது. கொச்சி அரசு கம்பெனியோடு புதிய உடன்படிக்கை செய்துகொண்டது. நாயர் படைகள் கலைக்கப்பட்டன. களரிகள் முற்றாக மறையவில்லை. வாளும் உறுமியும் களரிக்குள் தொடர்ந்து பயிலப்பட்டன. ஆயின் அப்பயிற்சிக்கு அரசும் போரும் தந்த பயன் நீங்கிற்று. எஞ்சியவை மருத்துவம், உழிச்சில், வழிபாடு, மெய்ப்பயிற்சி ஆகியனவே. தலைச்சேரியில் சி. வி. நாராயணன் நாயர் (1905-1944) போன்றோர் கலையைப் பொதுமேடைக்குக் கொணர்ந்தபோது, அது படைப்பயிற்சியாக அன்றி உடற்பண்பாடாகவே மக்கள்முன் வைக்கப்பட்டது.

இம்மூன்று நாடுகளின் வரலாறு ஒன்றன்று. சீனத்தில் நேர்ந்தது அரசமாற்றம். ஜப்பானில் நேர்ந்தது சமூகச் சீர்திருத்தம். கேரளத்தில் நேர்ந்தது அயலாட்சியின் படைக்கலைப்பு. எனினும் கலையின் புறப்பயன் கேள்விக்குள்ளான இடங்களில் அதன் உட்பயன் உரக்கப் பேசப்பட்டது என்னும் அளவில் ஒற்றுமை காணலாம்.

இவ்வொற்றுமையைக் கொண்டு ஒரு மரபிலிருந்து மற்றொன்று பிறந்தது என முடிவுகட்டுதல் தவறு. போதிதருமர் தமிழகத்திலிருந்து போர்க்கலையைச் சீனத்துக்குக் கொண்டுசென்றார் என்பது பரவலான நம்பிக்கை. அவரைக் குறிக்கும் முற்பட்ட சீனக் குறிப்புகளுள் 547ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. மற்றொன்று தென்னிந்தியர் என்கிறது. இரண்டும் போர்க்கலை பற்றி ஏதும் கூறவில்லை. அவரைப் பயிற்சியோடு இணைக்கும் 'யிஜின்ஜிங்' என்னும் தசைநார்ப் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டினது. சீன வரலாற்றாசிரியர் டாங் ஹாவ் 1930இலேயே போதிதருமர் கதையையும் ஜாங் சான்ஃபெங் கதையையும் ஒருங்கே மறுத்தார். சொல்லொப்புமை ஆய்வு இக்கதைகளுக்கு முட்டுக்கொடுக்கும் பணியன்று.

6. வளி, உயிர்ப்பு, ஆற்றல்

சீனத்துச் 'சி', ஜப்பானியக் 'கி' ஆகிய சொற்கள் காற்று, மூச்சு, ஆவி, மனநிலை எனப் பல பொருள் தருவன. ஆங்கிலத்தில் இவற்றை 'எனர்ஜி' எனப் பெயர்த்தல் பெருவழக்காயிற்று. அவ்வாங்கிலச் சொல் இயற்பியலில் அளக்கத்தக்க அளவு என்னும் பொருளைப் பெற்றது 19ஆம் நூற்றாண்டிலாகும். எனவே பழைய மூச்சுச்சொல் ஒன்று புதிய அறிவியற்சொல்லின் உடையை அணிந்து தமிழுக்குள் வந்தது. அறிவியல் தமிழில் 'ஆற்றல்' இவ்வியற்பியல் சொல்லுக்கு ஈடாக நிலைபெற்றுவிட்டமையால், 'உள்ளாற்றல்' என்றதும் உடலுக்குள் தேங்கிக் கிடக்கும் மின்சாரம் போன்ற ஒன்று படிப்பவர் மனத்தில் எழுகிறது.

பழந்தமிழில் 'ஆற்றல்' இத்தகைய பொருளை உடையதன்று. ஆற்றுதல் என்பது செய்தல், தாங்குதல், தணித்தல், கொதிப்பை நீக்குதல் எனச் செயல்களைச் சுட்டும். திருக்குறளின் 225ஆம் பாவில் இச்சொல் வல்லமை, பசியைப் பொறுத்தல் ஆகிய பொருள்களில் அடுத்தடுத்து நிற்கிறது. இப்பழம்பொருளில் ஆளப்பட்டால் 'ஆற்றல்' களரிக்கு அயலானதன்று. இயற்பியற் பொருளில் ஆளப்படும்போதே அது இடர் தருகிறது.

'சக்தி' என்னும் சொல்லைக் களரியாசான்களே வழங்குவர் என ஒரு மறுப்பு எழலாம். அது உண்மையே. ஆயின் களரியில் சக்தி என்பது பகவதி வழிபாட்டோடு இயைந்தது. பூத்தறையின்முன் வணங்குபவன் கூறும் சக்தியும், மொழிபெயர்ப்பாளன் 'எனர்ஜி' என்பதற்கு ஈடாக இடும் சக்தியும் எழுத்தால் ஒன்றேயாயினும் வழக்கால் வேறு.

மூச்சைக் குறிக்கத் தமிழில் வளி, உயிர்ப்பு, மூச்சு, சரம், வாசி எனச் சொற்கள் பலவாக உள்ளன. இவற்றுள் வாசி சித்தர் நெறிக்குரியது. சரம் வர்மச் சுவடிகளிலும் பயில்வது. தொல்காப்பியப் பிறப்பியல் இவ்விடத்தில் மொழியியலாளர் கருத்துக்குரியது. உந்தியிலிருந்து எழும் வளி தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தொலியாகிறது என்கிறார் ஆசிரியர். அவ்வியலின் முடிவில் அவர் ஓர் எல்லை வகுக்கிறார். அகத்தே எழும் வளியின் இசையை அளந்து கூறுதல் அந்தணர் மறைக்கு உரியது. தாம் கூறுவது புறத்தே வெளிப்பட்டுப் பொருள் தெரிவிக்கும் வளியிசையின் அளவே என்கிறார். அடிவயிற்றிலிருந்து மூச்சு எழுகிறது என்பது சீனப் பயிற்சியிலும் களரியிலும் தொல்காப்பியத்திலும் ஒத்திருத்தல் மனித உடலமைப்பால் விளைந்தது. இதில் வரலாற்றுத் தொடர்பு தேடவேண்டுவதில்லை. ஆயின் தொல்காப்பியர் காட்டும் எல்லை மொழிபெயர்ப்பாளருக்கும் பொருந்தும். அகத்தே நிகழ்வதாகக் கூறப்படுவதை மறுக்கவும் வேண்டா, அளந்ததாகக் கூறவும் வேண்டா. புறத்தே தெரியும் செயலுக்குரிய சொல்லைத் தருதலே பெயர்ப்பின் கடன்.

'அகம்', 'புறம்' என்னும் தமிழ்ச் சொற்களைக்கொண்டு சீனப் பகுப்பைப் பெயர்க்கும் விருப்பமும் எழக்கூடும். அதனைத் தவிர்த்தல் நன்று. தமிழ் இலக்கண மரபில் அகம் என்பது காதலொழுக்கம். போர் எவ்வளவு நுண்ணியதாயினும் புறத்தின்பாற் படும். 'அகப்போர்க்கலை' என்னும் தொடர் தமிழறிந்தார் செவியில் முரணாகவே ஒலிக்கும்.

7. வர்மமும் மாத்திரையும்

சொல்தேர்வு வெறும் நடையழகுச் செய்தியன்று என்பதை வர்மச் சுவடிகள் தெளிவாக உணர்த்துகின்றன. சுசுருத சங்கிதை 107 மர்மங்களைக் கூறும். தமிழ் வர்ம மரபு படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மங்களைக் கூறும். வர்ம அடியால் மயங்கியவரை மீட்க இயக்கும் இடங்கள் 'அடங்கல்' எனப்படும். சென்னை ஆசியவியல் நிறுவனம் 1994இல் வர்ம சூத்திரம் என்னும் சுவடி நூலை ஆங்கிலப் பெயர்ப்புடன் வெளியிட்டது, இத்துறையில் மொழிபெயர்ப்பாளர் நோக்கவேண்டிய பணியாகும்.

வடக்கன் களரி மென்மையுடையது, தெக்கன் களரி வன்மையுடையது எனப் பொதுவாகக் கூறுவர். தாவலும் துவளலும் வடக்கில் மிகுதி, ஊன்றிநின்று அடித்தலும் தடுத்தலும் தெற்கில் மிகுதி என்னும் அளவில் இது பொருந்தும். ஆயின் தெற்கின் மென்மை தொடுதலில் உள்ளது. ஓரிடத்தில் எவ்வளவு விசை செலுத்தப்பட்டது என்பதை வர்ம மரபு 'மாத்திரை' என்னும் அளவால் குறிக்கிறது. கால், அரை, முக்கால், ஒன்று என அது பகுக்கப்படுகிறது. வர்மத்தில் கொண்ட மாத்திரைக்கு ஏற்பவே தீங்கின் கடுமையும் மருத்துவமும் அமையும்.

இலக்கணத்தில் மாத்திரை என்பது ஒலிக்கும் கால அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, மகரக் குறுக்கத்துக்குக் கால் எனக் கொள்வர். இன்றைய பேச்சு வழக்கில் மாத்திரை என்பது விழுங்கும் மருந்து. வர்ம நூலைப் பெயர்ப்பவர் 'அரை மாத்திரை' என்பதனை மருந்தளவாகக் கொண்டால் கேடு வெளிப்படை. அதனை 'மெதுவாக' எனப் பொதுப்படப் பெயர்த்தாலும் குறைவே. அரைக்கும் காலுக்கும் உள்ள வேறுபாடு அங்கே அழிந்துவிடும். 'உள்ளாற்றலைச் செலுத்துக' என எழுதினாலோ விரல் எவ்வளவு அழுந்தவேண்டும் என்பதைப் படிப்பவர் அறியவே இயலாது. சித்த மருத்துவக் கல்வியில் வர்மம் பாடமாக இடம்பெற்றுள்ள இக்காலத்தில் இப்பிழைகள் நூலோடு நில்லாமல் நோயாளியின் உடல்வரை செல்லக்கூடியன.

மென்மை என்பது வன்மையின் இன்மையன்று, வன்மையின் அளவு என்பதை மாத்திரை என்னும் சொல் காட்டுகிறது. தமிழ் எழுத்திலக்கணமும் இதனையே கூறும். ககரமும் ஙகரமும் ஒரே இடத்தில் பிறப்பன. ஒன்று வல்லினம், மற்றொன்று மெல்லினம். வலித்தல், மெலித்தல் என நன்னூல் கூறும் செய்யுள் விகாரங்கள் எழுத்தின்மேல் நிகழும் செயல்கள். வன்மையும் மென்மையும் இருவேறு பொருள்கள் அல்ல, ஓரிடத்தில் நிகழும் இருவகைத் தொழில்கள் என்னும் நோக்கு இலக்கணத்துக்கும் களரிக்கும் பொதுவாக உள்ளது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

(1) மென்மைப் பயிற்சி கேரளத்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே அயலார் கண்ணுக்குப் புலப்பட்டது. 'உள்' என்னும் பெயர் அதற்குப் பிந்தியது. அது சீன அரசியற் சூழலில் எழுந்து, ஆங்கிலம் வழியாக இங்கு வந்தது. களரிக்கு அப்பெயரைச் சூட்டுவோர் இவ்வரலாற்றை அறிந்து சூட்டுதல் வேண்டும்.

(2) பிறமொழிக் கலைகளைத் தமிழில் தருகையில் பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல் தேடுவதினும், பயில்பவன் செய்வது யாது என வினவி வினையைத் தேடுதல் சிறப்பு. 'சோங்' என்பதற்கு நெகிழ்தல், 'சென்' என்பதற்கு அமர்தல், 'லி' என்பதற்கு வலி, 'ஜின்' என்பதற்குப் பயின்ற வலி, 'சி' என்பதற்கு உயிர்ப்பு எனக் கொள்ளலாம். 'வலி' நோவையும் குறிக்குமாதலின் இடனறிந்து 'உடல்வலிமை' என விரித்தல் தகும்.

(3) மெய்வழக்கம், அமர்ச்ச, அடங்கல், மாத்திரை ஆகிய மரபுச்சொற்களைப் பெயர்ப்பில் கரைத்துவிடாது மூலவடிவில் நிறுத்தி, பொருளை உடன்தருதல் வேண்டும். ஹோர்த்தூஸ் நூலில் செடிப்பெயர்கள் நின்றது போல இச்சொற்களும் நின்றால், பின்வரும் ஆய்வாளர் அவற்றைக்கொண்டு மூலத்தை அணுக இயலும்.

களரியாசான் மாணவனிடம் ஆற்றலைப் பெருக்குமாறு கூறுவதில்லை; அமருமாறும் திரியுமாறும் மாறுமாறும் கூறுகிறார். அவர் ஏவும் வினைகள் மலையாளத்திலும் தமிழிலும் இன்னும் உயிரோடு உள்ளன. ஆசான் வாயிலிருந்து அவற்றைத் திரட்டிப் பதிவுசெய்தலும், வடக்கன் வாய்த்தாரியையும் தெக்கன் சுவடியையும் அருகருகே வைத்து ஒப்புச் சொற்கோவை ஒன்று தொகுத்தலும் மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் கூடிச் செய்யவேண்டிய பணியாகும்.